ஏழாம் இலக்கக்காரனுக்குச் சொல்லாத காய்ச்சல்

எனக்கு வந்த நோயின் பெயரை முதன்முறை கேட்டபோது அது கிரேக்கத்துத் தீவு ஒன்றின் பெயர் என்று நினைத்தேன். எண்டோகார்டிட்டிஸ். வெள்ளைச் சுவர்களும் நீலக் கடலும் மலிவான விமானமும் உள்ள இடம்போல் ஒலித்தது. நான் போய்ச் சேர்ந்தது ஹம்பேர்க்கில் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடிக்கு. சுவர் மட்டும் வெள்ளைதான்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடைகாலம் அது. எல்லாக் கார்களிலும் கொடி பறந்தது. எனக்கு மட்டும் பின்னேரமானால் குளிர் நடுக்கம். மூன்று கிழமையாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. என் மனைவி ராஜி மல்லித் தண்ணி, வேர்க்கொம்பு, நீராவி என்று தன் ஆயுதங்கள் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். நானும் எங்கள் ஆண்கள் வழக்கப்படி, டாக்டரிடம் போனால்தான் நோய் வரும் என்ற கொள்கையில் உறுதியாக நின்றேன். கடைசியில் துறைமுகச் சரக்குக் கந்தோரில், நான் வேலை செய்யும் மேசையிலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன். அது வழமையானதுதான் என்று சக ஊழியர்கள் முதலில் கவனிக்கவில்லை. எழுப்பியும் எழும்பாதபோதுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

நோயை விளக்கிவிடுகிறேன். இதயத்துக்குள் இரத்தம் ஒரே திசையில் போவதற்காகச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. வால்வு என்பார்கள். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலில் என்னுடைய கதவு ஒன்று சொரசொரப்பாகிவிட்டதாம். சித்திரையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். வாயிலிருந்த கிருமி இரத்தத்தில் ஏறி, அந்தச் சொரசொரப்பான இடத்தில் கூடு கட்டிவிட்டது. அதாவது, பல்லைக் கழற்றப் போனவன் நெஞ்சில் குடித்தனக்காரரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வாடகையும் இல்லை, காலி பண்ணவும் மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை காத்திருப்பு அறைகள். ஜெர்மன் காத்திருப்பு அறையில் உள்ளே வருபவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அதன்பிறகு யாரையும் பார்க்காமல் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய தண்டனை. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வருத்தம், எத்தனை பிள்ளைகள் என்று கேளாமல் ராஜி பட்ட பாடு என் காய்ச்சலைவிட மோசம். முதலில் இரத்தத்தைச் சீசாக்களில் எடுத்து, அதில் என்ன முளைக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு வாய்க்குள்ளால் ஒரு குழாயை விழுங்கச் சொன்னார்கள். அதன் நுனியில் ஒலி அலைகளால் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. உணவுக்குழாய் இதயத்துக்கு முதுகுப் பக்கமாகப் போவதால் அங்கிருந்து கதவுகள் நன்றாகத் தெரியும். "விழுங்குங்கள், விழுங்குங்கள்" என்று தாதி அன்பாகச் சொன்னார். வாழ்க்கையில் எவ்வளவையோ விழுங்கியிருக்கிறேன். இதுபோல் எதுவும் திரும்பி வரப் பார்த்ததில்லை.

பெண் மருத்துவர் ஒருவர் படத்தைக் காட்டினார். கதவின் விளிம்பில் ஒரு சின்னப் பஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. "இது சுருங்கினால் மருந்தோடு போய்விடலாம். சுருங்காவிட்டால், அல்லது கதவு கூடுதலாகக் கிழிந்தால், நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும்" என்றார். ஆறு கிழமைக்கு நரம்பு வழியாக மருந்து. நடுவில் மறுபடியும் குழாய் விழுங்கல். அதில் தெரியும்.

ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்ன முதல் வசனம்: "இஞ்சேருங்கோ, நிரோவுக்குச் சொல்லக்கூடாது."

நிரோ எங்கள் மகன். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்த நோய்க்கதை நகராது.

அகதியாக வந்தபோது எங்களை ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடியேற்றினார்கள். அங்கே ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஊர் விளிம்பில் ஒரு மண் ஓடுபாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் மிருதங்கத்துக்கும் போக, இவன் வகுப்புத் தோழனோடு அந்த ஓடுபாதைக்குப் போனான். ஸ்பீட்வே என்கிறார்கள். நான்கு பேர் மோட்டார் சைக்கிளில் நான்கு சுற்று ஓடுவார்கள். இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள். ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. பிரேக் இல்லாத சைக்கிளில் யாழ்ப்பாணத்தில் நானும் ஓடியிருக்கிறேன். ஆனால் எனக்கு அது வறுமை, இவனுக்கு விதிமுறை.

கார் மெக்கானிக் பயிற்சியை முடித்துப் பத்திரத்தை என் கையில் தந்துவிட்டு, அடுத்த வாரமே இங்கிலாந்துக்குப் போனான். மேல் லீக்குக்குக் கீழே உள்ள லீக்கில், வழமையாகக் கடைசி இடத்தில் வரும் ஒரு குழு அவனை எடுத்திருந்தது. குழுவில் ஏழு பேர். இவன் ஏழாம் இலக்கம். அந்த ஊரிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் என் தங்கை வசந்தி குடும்பமாக இருந்தபடியால், சாப்பாட்டுக்குப் பயமில்லை என்று ராஜி சம்மதித்தாள். எங்கள் குடும்பத்தில் எந்தத் துணிச்சலான காரியத்துக்கும் சாப்பாட்டு ஏற்பாடு இருந்தால் அனுமதி கிடைக்கும். நான் மட்டும் ஒரு ஓட்டத்தையும் போய்ப் பார்த்ததில்லை. இதயம் பலவீனம் என்று பகிடியாகச் சொல்லி வந்தேன். பகிடிகளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தூரத்தில் இருப்பவனுக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். சோதனை எழுதுகிறவனுக்குப் பாட்டன் செத்தது பெறுபேறு வந்த பிறகுதான் தெரியவரும். பாட்டனும் அதுவரை பொறுத்திருப்பார். நிரோவுக்கோ கிழமைக்கு இரண்டு சோதனை, அதுவும் பிரேக் இல்லாமல். அவன் ஓடி வந்துவிட்டால் ஏழாம் இலக்கம் இன்னொருவனுக்குப் போய்விடும். எனவே சொல்லவில்லை. வசந்திக்கு மட்டும் சொன்னோம், சத்தியம் வாங்கிக்கொண்டு.

என் பக்கத்துக் கட்டிலில் ஹேர் லோரன்ஸ், அதாவது திரு லோரன்ஸ், இருந்தார். வரித் திணைக்களத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்த வந்து, அதில் ஏதோ சிக்கலாகித் தங்கிவிட்டார். உதைபந்தாட்டம் பிடிக்காத ஒரேயொரு ஜெர்மானியர். பக்கத்து அறைகளில் கோல் விழுந்து கட்டிடமே அதிரும்போது, "யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது" என்பார்.

ஞாயிறு பின்னேரங்களில் கட்டிலோரத் தொலைபேசியில் நிரோவோடு பேசுவேன், வீட்டிலிருந்து பேசுவதுபோல. முதல் ஞாயிறே, கதை நடுவில் மருந்து இறக்கும் பம்ப் கத்தத் தொடங்கியது.

"அப்பா, அது என்ன சத்தம்?"

"மைக்ரோவேவ்."

"எங்கடை வீட்டிலை மைக்ரோவேவ் இல்லையே."

"வாங்கியாச்சு. கொம்மாவுக்குக் கைநோ."

"நல்லது. சூடாச் சாப்பிடுங்கோ" என்றான். எவ்வளவு இலேசாக நம்பிவிட்டான் என்று எனக்குப் பெருமையாகவும், என் பிள்ளை இவ்வளவு மொக்கனா என்று சற்றுக் கவலையாகவும் இருந்தது.

பொய்க்கு இடம் விடாமல் இருக்க அவனுடைய ஓட்டங்களைப் பற்றியே கேட்கத் தொடங்கினேன். அப்படித்தான் அந்த லீக்கின் வினோதமான கணக்கு எனக்குத் தெரியவந்தது. முதலாவதாக வந்தால் மூன்று புள்ளி, பிறகு இரண்டு, ஒன்று, சைபர். இதை வைத்து ஒவ்வொருவனுக்கும் ஒரு சராசரி. குழுவின் ஏழு சராசரிகளையும் கூட்டினால் அது லீக் விதித்த வரம்பைத் தாண்டக்கூடாது. காசுள்ள குழு ஏழு சூரர்களைச் சேர்த்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு சூரனைக் கொண்டுவர ஆசைப்படும் முகாமையாளர், அந்தப் பாரத்தைச் சமப்படுத்தப் பின்னால் ஒரு மந்தமான ஓட்டக்காரனையும் வைத்திருக்க வேண்டும்.

"எங்கடை மனேச்சர் ஒரு டென்மார்க்காரனைக் கொண்டுவரப் பாக்கிறார், அப்பா. அவன்ரை சராசரி பெரிசு. அதுக்கு ஆரையோ ஒருத்தரை விட்டிட்டுக் குறைஞ்ச சராசரிக்காரனை எடுக்கவேணும். எனக்கு இந்த முறை சராசரி கொஞ்சம் ஏறிப்போச்சு."

"அது நல்லதெல்லோ?"

"இல்லையப்பா. முன்னுக்குப் போற அளவுக்கு ஏறேல்லை. பின்னுக்கு வைச்சிருக்கிற அளவுக்குக் குறையவும் இல்லை. என்னைத்தான் விடுவினம் போலை."

தொலைபேசியை வைத்ததும் ஹேர் லோரன்ஸுக்கு ஜெர்மனில் விளக்கினேன். மோட்டார் சைக்கிள் என்றதும் முகம் சுளித்தவர், வரம்பு என்றதும் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். "இது வரிச் சட்டமேதான். நட்டம் காட்டுகிறவனுக்குச் சலுகை. உங்கள் மகன் கொஞ்சமாக இலாபம் காட்டிவிட்டான். எப்போதும் அகப்படுகிறவர்கள் இந்த நடுவில் இருப்பவர்கள்தான்" என்றார். அன்றிலிருந்து காலை உணவோடு அதுதான் எங்கள் பேச்சு. மருத்துவர்கள் வரும்போது என்னுடைய எண் வரும். இரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் எண் அது. அது குறைந்தால் மகிழ்ச்சி. பெரிய எண் எதுவும் எங்கள் குடும்பத்துக்கு நன்மை செய்யவில்லை.

மருத்துவமனைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பந்தி எழுதாவிட்டால் ராஜி மன்னிக்கமாட்டாள். வெளியே வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே இரவுச் சாப்பாடு வரும். இரண்டு துண்டு கருப்புப் பாண், ஒரு சீஸ், ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒன்று, சிவப்பாக ஒரு தேத்தண்ணி. வேலை முடிந்து இரண்டு இரயில் மாறி ராஜி சொதியும் புட்டும் கொண்டுவருவாள். சீஸை ஹேர் லோரன்ஸுக்குக் கொடுத்தேன். இரண்டாம் கிழமை அவர் சீஸை எனக்குத் தள்ளிவிட்டுச் சொதியைப் பார்த்தார். அதன்பிறகு ராஜி இரண்டு பேருக்குச் சமைத்தாள். ஊரிலுள்ள சனமும் மாறி மாறி வந்தது. எல்லோரும் வாழைப்பழமும், இதே வருத்தத்தில் இறந்துபோன ஒருவருடைய கதையும் கொண்டுவந்தார்கள். பயம் என்பது அவர்கள் போன பிறகு, விளக்கணைத்து, நெஞ்சில் கை வைத்துப் படுக்கும்போது வரும். கதவு திறக்கிறதா, மூடுகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணினால் அது வேகமாக அடிக்கும். அடித்தால் இன்னும் எண்ணத் தோன்றும்.

நிரோவின் ஞாயிற்றுக் கதைகள் சுருங்கின. "மழையப்பா. ஓட்டம் நடக்கேல்லை." அடுத்த ஞாயிறும் மழை. அதற்கடுத்ததும் மழை. இங்கிலாந்து என்பதால் சந்தேகிக்கவில்லை. மண்பாதை நனைந்தால் ஓட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ராஜியிடம் சொன்னால் அவள் மட்டும் சொதிப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருப்பாள்.

இரண்டாவது குழாய் விழுங்கலுக்கு நாள் குறித்த அன்று வசந்தி கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அண்ணை, நீங்கள் கட்டிலிலையோ இருக்கிறியள்?"

"வேறை எங்கை இருக்கிறது? டான்ஸ் ஆடவோ?"

"அப்ப சாய்ஞ்சு கொண்டு கேளுங்கோ. என்னாலை இனி ஏலாது. ரண்டு பக்கத்துப் பொய்யையும் ஒருத்தி எவ்வளவு நாளைக்குச் சுமக்கிறது? நிரோவுக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. தகடு வைச்சுக் கட்டியாச்சு. இப்ப நல்லா இருக்கிறான். நீங்கள் நெஞ்சு வருத்தக்காரன், கேட்டால் என்னவும் ஆகிப்போடும் எண்டு சொல்ல வேண்டாமெண்டவன்."

"நெஞ்சு வருத்தம் எண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான். நீங்கள் ஆருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினியள். அதாலை அவனுக்கு மட்டும் சொன்னனான்."

"எப்ப?"

"அண்டைக்கே."

மைக்ரோவேவ் எனக்கு ஞாபகம் வந்தது. சூடாகச் சாப்பிடச் சொன்ன பிள்ளை.

"ராஜிக்கு அவன் விழுந்தது தெரியுமோ?"

"ராஜியக்கா தானே முதல் நாளே அழுதவ."

ஆக, அவனுக்கு என்னைத் தெரியும். ராஜிக்கு இருவரையும் தெரியும். வசந்தியின் கணவருக்கும் கோயில் ஐயருக்கும் ஹம்பேர்க் இரயில் நிலையத்தடித் தமிழ்க் கடைக்காரருக்கும் தெரியும். எல்லோரையும் வெகு திறமையாக ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக் கட்டிலில் மிதப்பாகப் படுத்திருந்த ஒரு மனிதனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஹேர் லோரன்ஸ் நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேஸ்மேக்கர் போட்டவர் இப்படிச் சிரிக்கக்கூடாது என்று தாதி வந்து கண்டித்தார். என் இதயமோ, இவர்கள் எல்லோரும் பயந்ததுக்கு மாறாக, அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு நாளில் நிரோ வந்து வாசலில் நின்றான். இடது கை கழுத்திலிருந்து தொங்கியது. என் வலது கையில் மருந்துக் குழாய். இருவரிடமும் சேர்த்து ஒரு மனிதனுக்குப் போதுமான கைகள் இருந்தன.

"மழை விட்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

"மைக்ரோவேவ் எப்பிடி வேலை செய்யுது?" என்றான்.

கதிரையை இழுத்து உட்கார்ந்தான். பம்பில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தான். வருத்தம் தெரிந்த நாளிலிருந்து ஓட முடியவில்லை என்றான். பாதைக்குக் குறுக்கே கட்டிய தொடக்கக் கயிறு மேலே எழும்பும்போது மற்ற மூவரும் போய்விடுவார்கள். இவன் மனம் நான்காம் மாடியில் நிற்கும். தொடர்ந்து சைபர். கடைசியில் ஒருநாள், யோசித்துக்கொண்டே வளைவுக்குள் போய், வேலியில் மோதியிருக்கிறான்.

"அப்ப உன்னை விட்டிட்டினமோ?"

"இல்லையப்பா." அவன் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு வந்தது. "சைபரா எடுத்ததிலை என்ரை சராசரி நல்லாக் குறைஞ்சு போச்சு. இப்ப டென்மார்க்காரனையும் என்னையும் சேத்தால் வரம்புக்குள்ளை சரியா வருது. நான் மோசமா ஓடினபடியாத்தான் என்னை வைச்சிருக்கினம். வாற சனிக்கிழமை நான் ஓடினால் இடம் எனக்கு. டாக்டர் பாத்து விடவேணும்."

நான் மொழிபெயர்த்ததும் ஹேர் லோரன்ஸ் கைதட்டினார். "நட்டக் கணக்கு!" அவருடைய உத்தியோக வாழ்க்கையில் ஒரு நட்டக் கணக்கு அவருக்கு இவ்வளவு சந்தோசம் கொடுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை. எனக்குக் குழாய் விழுங்கல் அதற்கு முதல் நாள், வெள்ளி. படங்களைப் பார்த்து முடிவு சொல்லச் சத்திர சிகிச்சைக்காரர்களும் கூடவேண்டும், சனிக்கிழமை காலைதான் சொல்லுவோம் என்றார்கள்.

"நான் போகேல்லை" என்றான் நிரோ. "உங்களை வெட்டுறதெண்டால் நான் இஞ்சை நிக்கவேணும்."

"வெட்டுறதெண்டாலும் அண்டைக்கே வெட்டமாட்டினம். ஜெர்மன்காரர். அதுக்கும் நாள் குறிச்சு ஒரு டெர்மின் தருவினம்."

"பகிடி விடாதேங்கோ. போனால் நீங்கள் மறுபடி எல்லாத்தையும் மறைப்பியள். அங்கை கயித்தடியிலை நிண்டு நான் அதைத்தான் யோசிப்பன்."

இந்த இடத்தில் நான் பகிடியைக் கைவிட்டேன். ஆட்கள் எண்ணுவதுபோல் எனக்கு அது இலேசான காரியமில்லை. "பயமாத்தான் இருக்கு" என்றேன். "நெஞ்சைத் திறப்பினம் எண்டு நினைச்சால் கால் குளிருது. எந்த முடிவெண்டாலும் நான்தான் உனக்கு எடுத்துச் சொல்லுவன். கொம்மா இல்லை, வசந்தி மாமி இல்லை. அதே மாதிரி நீயும் எனக்குச் சொல்லவேணும். மழை எண்டு சொல்லப்படாது."

அவன் தன் நல்ல கையை நீட்டினான். எனக்கு நல்ல கை இடது. அதனால் கைகுலுக்கல் கொஞ்சம் குழப்பமாகத்தான் நடந்தது. வியாழக்கிழமை விமானம் ஏறினான்.

வெள்ளி விழுங்கினேன். சனி காலை அந்தப் பெண் மருத்துவர் தனியாக வந்தார். சத்திர சிகிச்சைக்காரர் ஒருவரும் கூட வரவில்லை என்பதை ராஜி எனக்கு முதல் கவனித்து, என் கால் பெருவிரலைப் போர்வையோடு சேர்த்து நசுக்கினாள். பஞ்சு சுருங்கிவிட்டது. முழுதாகப் போகவில்லை, ஆனால் இது வடு, இனிக் கிருமி இல்லை. வெட்டத் தேவையில்லை. கதவு மட்டும் முந்தியைவிடச் சற்று ஒழுகும். வருடாவருடம் பார்க்க வேண்டும். இனிப் பல்லில் கை வைப்பதென்றால் முதலில் மருந்து.

நான் தொலைபேசியை எடுத்தேன். ராஜி பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டம் முடியட்டும். இப்ப சொன்னால் பெடி குழம்பிப்போடும்."

"நல்ல செய்தியடியப்பா."

"நல்ல செய்திதான் இன்னும் குழப்பும்."

சட்டத்தை ஒரே நாளில் திருத்த முடியாது. ஆனாலும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. டாக்டரிடம் நின்றிருப்பான். ஒழுகுகிற கதவு உட்பட எல்லாவற்றையும் அவனுடைய குரற்பெட்டியில் சொல்லி வைத்தேன். அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹேர் லோரன்ஸ் சொதியைக்கூட ஆறவிட்டார்.

இருட்டத் தொடங்கும்போது மணி அடித்தது. பின்னால் என்ஜின் இரைச்சல்.

"அப்பா, கேட்டனான். ரண்டுதரம் போட்டுக் கேட்டனான். எவ்வளவு ஒழுகுதாம்?"

"கொஞ்சம். மாடிப்படி ஏறலாமாம். ஓட்டப்பந்தயம் வேண்டாமாம். முந்தியும் ஓடினதில்லை." ஒரு மூச்சு விட்டேன். "இனி நீ சொல்லு."

"டாக்டர் விட்டவர். முதல் ஓட்டம் சைபர். ரண்டாவது சைபர். மூண்டாவதிலை ஒரு புள்ளி, மற்றவன்ரை என்ஜின் நிண்டு போனபடியால். நாலாவதிலை விழுந்தனான். தோளுக்கு ஒண்டுமில்லை, முழங்கால் மட்டும் தோல் போயிட்டுது. வேறை ஒண்டும் ஒளிக்கேல்லை."

ராஜி என் காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், தொலைபேசியைப் பறித்தாள். "நெஞ்சு வருத்தக்காரனுக்கு ஏனடா இதையெல்லாம் சொல்லுறாய்?"

மெதுவாகத் திரும்ப வாங்கினேன்.

"எந்த வளைவிலை விழுந்தனி?" என்று கேட்டேன்.

"ரண்டாவதிலை. உங்களுக்கு விளங்காது, அப்பா."

"ஆறுதலாச் சொல்லு. எனக்கு இஞ்சை வேறை வேலை இல்லை."

அவன் தொடக்கக் கயிறு எழும்பியதிலிருந்து சொல்லத் தொடங்கினான்.